பினாங்கில் கப்பல் நிற்கும் நாளில் வாடகைக் கார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட், போர்ட் கிள்ளான் ஆகிய துறைமுகங்களுக்குச் சென்று திரும்பும் உல்லாசக் கப்பல்களைப் பற்றிய பேச்சு நம் குடும்பங்களில் தொடங்கிவிடுகிறது. பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துச் செல்லத் தோதான பயணம் என்பதால் நம்மவர்களில் பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் கப்பல் பினாங்கை அடைந்த பிறகு அந்தப் பகல்பொழுது எப்படிக் கழிகிறது என்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. சிலர் கூட்டத்திற்கு அஞ்சிக் கப்பலிலேயே தங்கிவிடுகிறார்கள். பலர் கப்பலில் விற்கப்படும் கரைச் சுற்றுலாவிற்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, பேருந்தில் ஏறி, கெக் லோக் சி கோயில், கொடிமலை, ஒரு பரிசுப்பொருள் கடை என்று குறித்த நேரத்தில் ஏறி இறங்கித் திரும்புகிறார்கள். வாடகைக் கார் எடுத்துத் தாங்களே தீவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விடும் என்று வீட்டில் உள்ள அனைவரும் ஒரே குரலில் தடுக்கிறார்கள். அந்த அச்சத்திற்குக் காரணம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே, பினாங்கைப் பொறுத்தவரை அதை முறையான திட்டத்தால் வெல்ல முடியும் என்று இக்கடிதத்தின் வழி எடுத்துரைக்க விரும்புகிறேன்.

எல்லாத் துறைமுகத்திலும் கார் எடுக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. போர்ட் கிள்ளானில் கப்பல்கள் புலாவ் இண்டாவில் அணைகின்றன. அங்கிருந்து கோலாலம்பூருக்குச் சாலை நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு மணி நேரத்திற்கு மேல் பிடிக்கும், திரும்பும் வேளையில் நெடுஞ்சாலை நெரிசல் எப்படி இருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. புக்கெட்டில் பெரும்பாலும் கப்பல் பாத்தோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது; படகுக்கான வரிசையிலேயே கணிசமான நேரம் கரைந்துவிடும். அதோடு தாய்லாந்தின் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கைப்பேசி கரையில் இறங்கியதும் தானாகவே உள்ளூர் நேரத்திற்கு மாறிவிட, கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே இயங்கிக்கொண்டிருந்தால், கைப்பேசியை நம்பிக் காரோட்டுபவர் கதி என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. இவ்விரு இடங்களிலும் பேருந்துச் சுற்றுலாவோ கப்பலில் ஓய்வோதான் குடும்பத்தினருக்கு ஏற்றது என்பது என் கருத்து.

பினாங்கின் அமைப்பு வேறு. சுவெட்டன்ஹாம் துறைமுக முனையம் ஜார்ஜ் டவுன் நகரின் விளிம்பிலேயே இருக்கிறது. கப்பலை விட்டு இறங்கிச் சாலைக்கு வந்தால் விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சி நினைவாக எழுப்பப்பட்ட அறுபதடி மணிக்கூண்டும், கார்ன்வாலிஸ் கோட்டையும் கண்முன் நிற்கும். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து உலக மரபுடைமைத் தலமாக அறிவித்த பழைய நகரம் அங்கிருந்தே தொடங்குகிறது. தீவின் பரப்பு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்தான். சாலையில் இடப்பக்கமாக ஓட்டும் வழக்கம் நம்முடையதே, சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும், கடிகாரமும் ஒன்றே. வழி தவறினால் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பல இடங்களில் ஆள் உண்டு. முதன்முறையாக வெளியூரில் காரோட்ட நினைக்கும் சிங்கப்பூரருக்கு இத்தனை வசதிகள் ஒருங்கே அமைந்த கப்பல்துறை இந்த வட்டாரத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கைப்பேசிச் செயலியில் அழைக்கும் கிராப் வண்டி இருக்கும்போது வாடகைக் கார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நகருக்குள்ளும் கர்னி டிரைவ் வரையிலும் போய்வர கிராப் போதும். காரைவிட அதுவே மேலானது. ஆனால் பாலிக் புலாவ் போன்ற மேற்குப் பகுதிக்குப் போன பிறகு, திரும்பி வர வேண்டிய நேரத்தில் அங்கே வண்டி கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. கப்பலின் நேரத்திற்குக் கட்டுப்பட்டவர் அந்த நிச்சயமின்மையை ஏற்கக் கூடாது.

மேற்குப் பகுதியைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், பேருந்துச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான். தெலுக் பாஹாங்கிற்கும் பாலிக் புலாவிற்கும் இடையே மலையைச் சுற்றி வளைந்து செல்லும் சாலையில் இருபுறமும் காடும் பழத்தோட்டங்களும் மாறி மாறி வரும்; ஜூன், ஜூலை மாதங்களில் சாலையோரக் கொட்டகைகளில் டுரியான் குவிந்து கிடக்கும். பாலிக் புலாவில் ஜாதிக்காய் மரங்கள் இன்றும் காய்க்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் வாசனைப்பயிர்களுக்காக இத்தீவில் தோட்டங்கள் போடப்பட்ட காலத்தின் தொடர்ச்சி அது. ஒரு கடையில் என் தாயார் பச்சை ஜாதிக்காயை முதன்முறையாகக் கையில் எடுத்துப் பார்த்தார். கடைக்காரப் பெண் அதைக் குறுக்கே அரிந்து காட்டினார்: வெளியே மஞ்சளும் வெண்மையும் கலந்த சதை, நடுவே பளபளக்கும் கரும்பழுப்புக் கொட்டை, அதன்மேல் இரத்தச் சிவப்பில் வலைபோல் படர்ந்த ஜாதிபத்திரி. பிள்ளை பெற்ற வீட்டு மருந்துப்பெட்டியிலும் பிரியாணி மசாலாவிலும் மட்டுமே அதைக் காய்ந்த நிலையில் கண்டிருந்த அவர், அரிந்த காயை நெடுநேரம் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முழங்கால் வலி. பேருந்தில் ஏறி இறங்குவதற்கே அஞ்சுவார். கடைவாசலில் காரை நிறுத்தி, அவர் விரும்பிய நேரம் வரை உட்கார வைத்து, ஜாதிக்காய்ச் சாறு வாங்கிக் கொடுக்க முடிந்தது காரால்தான். முதியோரையும் சக்கர நாற்காலியில் செல்வோரையும் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தெற்கு நோக்கிச் செல்லும் துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் போகும்போது, கடலுக்கு அப்பால் புலாவ் ஜெரெஜாக் என்ற பச்சைத் தீவு தெரியும். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த எத்தனையோ பேர் பினாங்கில் கால் வைக்குமுன் அம்மை, காலரா அச்சத்தால் தடுத்து வைக்கப்பட்ட தீவு அது. பின்னாளில் 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாகவும் இருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலா கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் நம்மிடையே ஏராளம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் குளிரூட்டிய கப்பலில் அதே துறைமுகத்திற்கு வந்து இறங்கும்போது, அந்தத் தீவு இன்னது என்று காட்டிச் சொல்ல ஒருவராவது வேண்டும். காரில் போகிற குடும்பம் சற்று நேரம் ஓரிடத்தில் நிறுத்தி அதைச் சொல்லலாம். விரைவுச்சாலையின் ஓரத்தில் நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாத்து மாவுங் பக்கம் போனால் கரையோரத்தில் நிறுத்த இடமுண்டு.

இனி, எவ்வாறு திட்டமிடுவது என்பதைப் பற்றிச் சில கருத்துகள். தொலைவிலுள்ள இடங்களை முதலிலும், கப்பலுக்கு அருகிலுள்ள இடங்களைக் கடைசியிலும் வைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. தீவைச் சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். எங்கும் நிறுத்தாமல் ஓட்டினாலே இரண்டு மணி நேரத்தைத் தாண்டும், சாப்பாட்டிற்கும் வேடிக்கைக்கும் நிறுத்தினால் ஐந்து மணி நேரம் வேண்டும். அந்தச் சுற்றை முடித்து, காரை ஒப்படைத்துவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்தில் ஜார்ஜ் டவுனைக் கால்நடையாகப் பார்க்க வேண்டும். குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம் தலைவரான காதர் முகைதீன் 1801இல் தோற்றுவித்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், லிட்டில் இந்தியாவின் துணிக்கடைகள், நாசி கண்டார் கடைகள் ஆகிய எல்லாமே துறைமுகத்திலிருந்து நடந்து எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே இருக்கும்போது மழை வந்தாலும் வரிசை நீண்டாலும் கப்பலைத் தவறவிட வாய்ப்பில்லை. காலையில் நகரில் உலவிவிட்டு மதியத்திற்கு மேல் மலைப்பாதையில் கிளம்புகிறவர்களே சிக்கலில் மாட்டுகிறார்கள். நகருக்குள் காரோடு சுற்றுவதும் வீண்வேலை: தெருக்கள் குறுகியவை, ஒருவழிப் பாதைகள் மிகுதி, நிறுத்துமிடக் கட்டணத்திற்கு உள்ளூர்ச் செயலி வேறு தேவைப்படும்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதைக் கிழமை பார்த்து முடிவு செய்ய வேண்டும். வேலை நாள்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் பயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலிருந்து வெளியேறும் வாகனங்களால் தெற்கு விரைவுச்சாலை அடைத்துக்கொள்ளும். எனவே தெற்கே தொடங்கி, தெலுக் கும்பார், பாலிக் புலாவ், தெலுக் பாஹாங் வழியாக வடக்குக் கரையோரமாகத் திரும்புவது நலம். சனி, ஞாயிறுகளில் பாத்து ஃபிரிங்கி கடற்கரைக்கு வந்தவர்கள் எல்லாரும் தஞ்சோங் பூங்கா வழியாக நகருக்குத் திரும்புவதால் வடக்குச் சாலைதான் திணறும். அப்போது வடக்கே தொடங்கித் தெற்கு வழியாகத் திரும்ப வேண்டும். விரைவுச்சாலையில் பினாங்குப் பாலத்திற்குப் பிரியும் தடத்தில் கவனமாக இருக்கவும். 1985இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளமானது. தடம் மாறி ஏறிவிட்டால் நடுவில் திரும்ப வழி கிடையாது, அக்கரையில் பெருநிலத்திலுள்ள பிறை நகர் வரை போய்ச் சுங்கம் கட்டித்தான் தீவிற்குத் திரும்ப முடியும். அதில் அரைமணி நேரத்திற்கு மேல் போய்விடும்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக விரும்புவோர் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. நம் கோயில்களில் நண்பகலில் நடை சாத்திப் பிற்பகலில் திறக்கும் வழக்கம் இருப்பதால், 513 படிகளை ஏறிப் போய் அடைத்த கதவைப் பார்த்து இறங்க நேரிடலாம். கொடிமலை இரயிலுக்கு விடுமுறை நாள்களில் வரிசை மிக நீளமாக இருக்கும். கார் வைத்திருப்பதால் அந்த வரிசை குறையப் போவதில்லை. தீவைச் சுற்றும் நாளில் மலையேறுவதைக் கைவிடுவதே சரி.

காரைப் பதிவு செய்வதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். பெரிய வாடகை நிறுவனங்களின் முகப்புகள் பயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இருக்கின்றன. துறைமுகத்திலிருந்து அது தீவின் மறுகோடி. காரைத் துறைமுக வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்து, அங்கேயே திரும்பப் பெற்றுக்கொள்வார்களா என்பதைக் கப்பலேறுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். விலை குறைவு என்று தனியாரின் சொந்தக் காரை வாடகைக்கு எடுப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். வாடகைக்கு விடுவதற்கென முறையாக உரிமமும் காப்புறுதியும் பெறாத காரில் விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடலாம். மாலையில் கப்பலைப் பிடிக்க வேண்டிய குடும்பம் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்க நேரும்.

காரைப் பெறும்போது அவசரப்படக் கூடாது. எனக்குத் தெரிந்த குடும்பமொன்று வாடகைக்கு எடுத்தது ஒரு வெள்ளை மைவி கார். முன்பக்க பம்பரின் அடியில், குனிந்து பார்த்தால் மட்டுமே தெரியும் இடத்தில், பழைய கீறல் ஒன்று இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது அதைக் காட்டி முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார் கார் கொண்டுவந்தவர். கப்பல் புறப்பட நேரம் நெருங்கிவிட்டது. வாதாட முடியாது என்று அவருக்கும் தெரியும், இவர்களுக்கும் தெரியும். கப்பல் பயணி அவசரத்தில் இருப்பவர் என்பதே சிலருக்கு வருமானமாகிவிடுகிறது. ஆகவே பெற்றுக்கொள்ளும்போதே நான்கு பக்கமும், சக்கரங்களின் விளிம்பு, பம்பரின் அடிப்பகுதி, எண்ணெய் அளவைக் காட்டும் முள் உட்பட, காணொளி எடுத்து, அதே இடத்தில் நின்று அவர்களுக்கே அனுப்பிவிட வேண்டும். ஒப்படைக்கும் நேரத்தையும், கப்பலேறும் கடைசி நேரத்திற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வைத்துக்கொண்டால் வாதாடவும் நேரமிருக்கும்.

ஆவணங்களைப் பற்றியும் ஒரு சொல். வாடகை நிறுவனத்தார் கடவுச்சீட்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் கேட்பார்கள். கைப்பேசியில் உள்ள மின்னியல் உரிமத்தை நம்பாமல் அட்டையையே எடுத்துச் செல்ல வேண்டும். சில பயணங்களில் குடிநுழைவுச் சோதனைக்காகக் கடவுச்சீட்டுகளைக் கப்பல் ஊழியர்களே வாங்கி வைத்திருப்பார்கள் என்பதால், பினாங்கில் இறங்கும்போது அது கையில் இருக்குமா என்பதைப் பயணத்தின் முதல் நாளே கேட்டறிய வேண்டும். இந்தியாவிலிருந்து வந்து நம்மோடு கப்பலேறும் உறவினர் காரோட்டுவதாக இருந்தால், ஊரிலேயே அனைத்துலக ஓட்டுநர் அனுமதி பெற்று வருவது பாதுகாப்பானது. ஓட்டுபவரின் வயதிற்கு மேல்வரம்பு வைத்திருக்கும் நிறுவனங்களும் இருப்பதால், ஓய்வுபெற்றவர்கள் அதையும் விசாரிக்க வேண்டும்.

கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தாமாகச் சென்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டிய கடமை அதற்கில்லை. இந்த வேறுபாட்டை மறைக்காமல் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். கப்பலில் நாள்தோறும் தரும் அறிவிப்புத் தாளில் உள்ளூர் முகவரின் தொலைபேசி எண் இருக்கும். கரையில் இறங்குமுன் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, சாலையில் ஏதேனும் நேர்ந்தால் உடனே அழைத்துச் சொல்வது பயணியின் பொறுப்பு.

இந்நிலையில் என் வேண்டுகோள் மூன்று தரப்பினருக்கு. சிங்கப்பூரில் கப்பல் பயணச்சீட்டு விற்கும் முகவர்கள், துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நேரத்தை மட்டும் விளம்பரப்படுத்தாமல், பயணிகள் எத்தனை மணிக்குக் கரையில் இறங்கத் தொடங்குவார்கள், எத்தனை மணிக்குள் திரும்பியாக வேண்டும் என்ற இரண்டையும் பதிவு செய்யும்போதே எழுத்தில் தர வேண்டும். காலை பத்து மணிக்குக் கப்பல் வந்தாலும் சோதனை முடிந்து வெளியே வரப் பதினொன்றரை ஆகிவிட்டால், தீவைச் சுற்றும் திட்டமே மாறிவிடும். பினாங்கு மாநிலச் சுற்றுலாத் துறையினர், சுவெட்டன்ஹாம் முனையத்தின் வாசலிலோ அதற்கு மிக அருகிலோ, உரிமம் பெற்ற வாடகை நிறுவனங்களுக்குப் பொதுவான முகப்பு ஒன்றும், காரைப் பெறவும் ஒப்படைக்கவும் ஒரு சிறு நிறுத்துமிடமும் அமைத்துத் தர வேண்டும்; அங்கே அலுவலர் ஒருவர் முன்னிலையில் கார் பரிசோதிக்கப்பட்டால், மேலே சொன்ன பம்பர்க் கதைகள் பெரும்பாலும் ஒழியும். தங்கள் நாளிதழும், விடுமுறைக் காலச் சுற்றுலாப் பக்கத்தில், ஒவ்வொரு துறைமுகத்திலும் எது தகும், எது தகாது என்பதை, அங்கே காரோட்டிப் பார்த்த வாசகர்களைக் கொண்டே எழுதச் செய்தால், அடுத்த ஜூன் விடுமுறையில் கப்பலேறவிருக்கும் குடும்பங்களுக்கு அது உடனே கைகொடுக்கும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈசூன், சிங்கப்பூர்.